அம்மாவுக்குத் தைராய்டு குறைவு, இதயத்தைச் சுற்றி நீர்: அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். அம்மாவுக்கு வயது 63. ஆறு மாதமாகவே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும், முகமும் காலும் வீங்கும். வயசாயிடுச்சு என்று நாங்களும் விட்டுவிட்டோம். அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

போன வாரம் பார்த்தபோது நாடித்துடிப்பு 48. தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் ஏறும் டிஎஸ்எச் 86, நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது. எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பு 190. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயத்தைச் சுற்றிக் கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது. தைராய்டு சுரப்பு குறைந்தால் இதயம் மந்தமாகும், ஈரல் கொழுப்பைச் சரியாக அகற்றாது என்றார் டாக்டர். எடுத்ததுமே டோஸைக் கூட்டினால் இதயம் தாங்காதாம். அதனால் தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சினை 25 மைக்ரோகிராமில் தொடங்கியிருக்கிறார், ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தப் பரிசோதனை. கொழுப்புக்கு இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், தைராய்டு சரியாகாமல் கொடுத்தால் தசைவலி வரலாம் என்றார்.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நீர் கோத்திருந்ததா? தைராக்சினிலேயே வற்றியதா, எத்தனை மாதமானது? கொழுப்பும் தானாக இறங்கியதா? அம்மாவுக்கு விடிந்ததும் காபி வேண்டும். உடனே காபி குடித்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்பதால், மாத்திரை போட்டு ஒரு மணி நேரம் அவரைக் காக்க வைப்பதுதான் பெரும்பாடு. எப்படிச் சமாளித்தீர்கள்?