ஏற்காட்டில் வளர்த்த வோட் இலையிலிருந்து நீலம் கிடைக்கவில்லை: எங்கே தவறினேன்?

மலைத்தோட்டம், ஏற்காடு

அன்பர்களுக்கு வணக்கம். எங்கள் காப்பித் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் வசிக்கிறேன். ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகளாக நீலச் சாயத்துக்காகப் பயிரிடப்பட்ட வோட் என்னும் செடியின் விதைகள் நண்பர் ஒருவர் மூலம் கிடைத்தன. கடந்த ஆனி மாதம் அவற்றை 14 குரோ பேக்குகளில் விதைத்து, சில்வர் ஓக் மரங்களின் கீழ் வரிசையாக வைத்தேன். சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், நடுநரம்பு வெளுத்த நீண்ட இலைகள் தரையோடு வட்டமாக விரிந்து வளர்ந்தன.

ஐப்பசித் தொடக்கத்தில் ஒரு மாலை 700 கிராம் இலை பறித்தேன். அன்று வீட்டுக்கு உறவினர்கள் வந்துவிட்டதால் இலைகளைப் பையிலேயே வைத்துவிட்டு, மறுநாள் காலையில் கழுவி, நறுக்கி, அரை மணி நேரம் கொதிக்கவிட்டு வடிகட்டினேன். சூடு ஆறுவதற்கு முன்பே இரண்டு கரண்டி ஆப்பசோடாவைக் கலந்து, தயிர் கடையும் மத்தால் பத்து நிமிடம் கடைந்தேன். நுரை பச்சையாகவே இருந்தது. மறுநாள் அடியில் படிந்திருந்த பழுப்புக் கசடைத் துணியில் தடவிப் பார்த்தபோது, அது முதல் அலசலிலேயே போய்விட்டது.

அம்மாப்பேட்டையில் என் தம்பி தறி வைத்திருக்கிறான். எங்கள் அப்பாயி உடுத்திய, உடல் வெள்ளையும் கரை கருநீலமுமான நூல் புடவையைப் போல ஒன்றை, நானே வளர்த்த செடியின் சாயத்தில் நெய்துதர வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. என் செய்முறையில் எங்கே பிழை, இந்த மலைக்கு இச்செடி ஒத்துவருமா, ஒரு புடவையின் கரைக்கு எத்தனை செடிகள் வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

இலைச்சாறு, அஸ்தம்பட்டி

அம்மா, வணக்கம். உங்கள் செடியில் பெரிய குறை இல்லை. பறித்த பிறகு நடந்தவற்றில்தான் நீலம் தொலைந்திருக்கிறது. வோட் இலையில் நீலம் நீலமாக இருப்பதில்லை. நிறமற்ற ஒரு முன்பொருளாகத்தான் அது இலைக்குள் இருக்கிறது. அது உடையும்போது இண்டாக்சில் என்னும் பொருள் வெளிப்படும். இரண்டிரண்டு இண்டாக்சில் மூலக்கூறுகள் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்த பிறகே நீரில் கரையாத நீலமாக மாறும். இலை வாடி, பையில் புழுங்கும்போதே இந்த உடைதல் தொடங்கிவிடுகிறது. எனவே ஓர் இரவு வைத்திருந்ததிலேயே பெரும்பகுதி வீணாகியிருக்கும். மீதமிருந்ததை அரை மணி நேரக் கொதி நீலமாக விடாமல் வேறு பொருள்களாகத் திரித்திருக்கும்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். காலையில் பறித்த இலையை உடனே கழுவிக் கிழித்துப் பாத்திரத்தில் போட்டு, கொதித்து இறக்கிச் சற்றே ஆறிய, ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரி சூடுள்ள நீரை அது மூழ்கும் அளவுக்கு ஊற்றி மூடி, 10 நிமிடம் மட்டும் வைப்பேன். அதற்குள் நீர் கருந்தேநீர் நிறத்துக்கு வந்துவிடும். பிறகு பாத்திரத்தைக் குளிர்ந்த நீருள்ள அகன்ற அண்டாவில் இறக்கி, 50 டிகிரிக்கு விரைவாக ஆற்றி, பழைய வேட்டித் துணியில் வடித்து, இலையையும் நன்றாகப் பிழிந்துவிடுவேன். இந்த ஆறுதலுக்குப் பிறகுதான் காரம் சேர்க்க வேண்டும்.

அடுத்த பிழை ஆப்பசோடா. அதன் காரம் இதற்குப் போதாது. சலவைச் சோடாவைத் தனியே வெந்நீரில் கரைத்து, சிறிது சிறிதாக ஊற்றிக் காரத்தன்மையைப் பி.எச். 9 அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அளக்கும் தாள் இல்லையென்றால், மஞ்சள்தூளைக் குழைத்து வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்து, அதில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்; ஆரத்தித் தண்ணீரின் சிவப்பு வந்தால் காரம் ஏறிவிட்டது என்று பொருள். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கும் அதே வினைதான் இங்கும் நடக்கிறது. ஆப்பசோடாக் கரைசலில் அந்தச் சிவப்பு முழுமையாக வராது என்பதை அருகருகே வைத்துப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.

கடைவதற்கு மத்து மிகப் பொருத்தமானதுதான். முதலில் பச்சை நுரை எழும்பி, பின் நீல நுரையாகி, அதன்பின் நீலம் குறைந்து வெளுக்கத் தொடங்கும். அந்த வெளுப்பு வரும்வரை, 15 அல்லது 20 நிமிடமானாலும், நிறுத்தக் கூடாது. பிறகு உயரமான கண்ணாடிச் சாடியில் ஊற்றிப் படியவிட்டு, மேல்நீரை மட்டும் இறுத்து, புதிய நீர் ஊற்றி மீண்டும் படியவிடுங்கள். நீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்தால் அடியில் நீலக் குழம்பு தங்கும்.

வளர்ப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வோட் முட்டைக்கோசு, கடுகுக் குடும்பத்துச் செடி. முழு வெயிலும், உரமான மண்ணும், அமிலம் குறைந்த மண்ணும் அதற்குப் பிடிக்கும். காப்பிக்கு உகந்த நிழலும் சேர்வராயன் மலையின் புளிப்பு மண்ணும் இதற்கு நேர்மாறானவை. பைகளை மொட்டை மாடிக்கு மாற்றி, நன்கு மக்கிய தொழுவுரமும் சிறிது சுண்ணாம்பும் கலந்துவிடுங்கள். முதல் ஆண்டு இலையில்தான் சாயம் உண்டு. பூத்தண்டு எழும்பிவிட்டால் இலையில் சொல்லத்தக்க நீலம் இருக்காது.

தறிவீடு, பொன்னம்மாபேட்டை

அக்கா, உங்கள் மூன்றாவது கேள்விக்கு நெசவுக் கணக்கில் பதில் சொல்கிறேன். ஒரு புடவையின் இரு கரைகளுக்கும் சேர்த்து 100 கிராம் நூல் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் எடுக்கும் நீலம் சுத்தமானதாக இருக்காது என்பதால், நடுத்தர நீலத்துக்கே 5 முதல் 8 கிராம் வரை எங்களுக்குத் தேவைப்படுகிறது. வோட் இலை ஒரு கிலோவுக்கு 1 கிராம், மிக நன்றாக விளைந்தால் 2 கிராம் தரும். ஆகவே குறைந்த விளைச்சலில் 5 முதல் 8 கிலோ இலை வேண்டும். உங்கள் 14 செடிகள் ஒரு பறிப்பில் தந்தது 700 கிராம். அப்பாயியின் கருநீலத்துக்கு இதற்கும் மேல் வேண்டும்.

இதை உங்களைத் தளர்த்துவதற்காகச் சொல்லவில்லை. அதே நீலத்தைப் பல மடங்கு அதிகமாகத் தரும் அவுரி நம் மண்ணின் செடியாக இருக்கும்போது, கரைக்கான பாவு நூலை அவுரியில் தோய்ப்பதே முறை என்பது என் உறுதியான கருத்து. இரண்டிலிருந்தும் வருவது ஒரே சாயப்பொருள்தான். துணியில் ஏறிய பிறகு எது எந்தச் செடியுடையது என்று கண்ணால் பிரித்தறிய முடியாது. நம் நாட்டு நீலம் கடல்வழியாக ஐரோப்பாவுக்குப் போனபோது, வோட் விவசாயிகளைக் காப்பதற்காக 16, 17ஆம் நூற்றாண்டுகளில் பிரான்சிலும் ஜெர்மன் நாடுகளிலும் அதற்குத் தடை விதித்தார்கள் என்பதிலிருந்தே அவுரியின் வலிமையை உணரலாம். பிறகு 1897இல் ஜெர்மனியில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்து இரண்டு செடிகளையும் ஒருசேர ஓரங்கட்டிவிட்டது.

அவுரி சேலத்து வெயிலில் தழைக்கும். விதையின் தோல் கெட்டியானது. வெந்நீரில் போட்டு இரவு முழுவதும் ஊறவைத்து, ஆடிப் பட்டத்தில் விதைத்தால் ஐப்பசியில், பூப்பதற்குச் சற்று முன்பாக, முதல் அறுப்பு அறுக்கலாம். அடிக்கட்டை மீண்டும் துளிர்க்கும். கொழிஞ்சியை அவுரி என்று நினைத்து ஏமாற வேண்டாம். அவுரி இலை காயும்போது கருநீலம் ஓடும். கொழிஞ்சி அப்படி ஆகாது. இன்னொரு எச்சரிக்கை: வோட் இலைக்குச் சொன்ன வெந்நீரை அவுரிக்கு ஊற்றிவிடாதீர்கள். அவுரியின் முன்பொருளை உடைப்பதற்கு இலையிலுள்ள நொதி உயிரோடு இருக்க வேண்டும். சாதாரண நீரில் 12 மணி நேரம் போல மூழ்க வைத்தால் நீர் மஞ்சள் கலந்த பச்சையாகி, மேலே செம்புத் தகடு போல ஓர் ஆடை படரும். அப்போது வடித்து, தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்த்துக் கடைய வேண்டும்.

எந்தச் செடியின் நீலமானாலும் அப்படியே நூலில் தடவினால் ஒட்டாது. சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்த வெதுவெதுப்பான தொட்டியில் அது தன் நிறத்தை இழந்து கரைந்தால்தான் நூலுக்குள் இறங்கும். பழைய சாயக்காரர்கள் தகரை விதையை வேகவைத்து ஊற்றித் தொட்டியைப் புளிக்க வைப்பார்கள்; அதற்குப் பொறுமை வேண்டும், ஆனால் நூல் மென்மையாக இருக்கும். சேலத்து வெள்ளைக்கல்லைப் பொடித்துச் சுண்ணாம்புக்குப் பதிலாகப் போடலாமா என்று முன்பு ஒருவர் கேட்டார். அது மேக்னசைட், தொட்டிக்கு ஆகாது. சுட்ட சுண்ணாம்பையே வாங்குங்கள், கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகுக்கொடி, நாகலூர்

தறிவீடு சொல்லும் கணக்கு சரியானதே என்றாலும், வோட் செடியை விட்டுவிடச் சொல்ல எனக்கு மனமில்லை. சமவெளியின் 40 டிகிரி வெயிலில் அது தாங்காது. நம் மலையின் தட்பவெப்பத்தில் தாங்குகிறது. இலை வட்டத்தின் வெளி இலைகளை மட்டும் பறித்து நடுக்குருத்தை விட்டுவைத்தால் அதே செடியில் பலமுறை பறிக்கலாம். முட்டைக்கோசைத் தின்னும் புழுக்களும் அசுவினியும் இதையும் விடமாட்டா. காலையில் இலையின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

பூத்தண்டு எழும்பினால் உடனே வெட்டிவிடுங்கள் என்று வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் இச்செடி பரவி மேய்ச்சல் நிலங்களைக் கெடுத்திருக்கிறது. உண்ணிச்செடி நம் மலைச்சரிவுகளை என்ன செய்தது என்பதை நாம் அன்றாடம் பார்க்கிறோம். இனி விதை வேண்டுமென்றாலும் வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைக்க வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தனிமைப்படுத்தல் ஆணைப்படி அதற்கு இறக்குமதி அனுமதியும், செடி நலச் சான்றிதழும் தேவை.

மலைத்தோட்டம், ஏற்காடு

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. தை மாதம் வரை காத்திருந்து மீண்டும் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

பைகளை மாடிக்கு மாற்றி, பனிமூட்டம் விலகிய பிறகு ஒரு காலையில் 900 கிராம் இலை பறித்தேன். பறித்ததிலிருந்து வடிகட்டும்வரை ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட்டேன். சலவைச் சோடாவை மூன்றாம் முறை ஊற்றியபோது மஞ்சள் தாள் சிவந்தது. ஏழாவது நிமிடத்தில் மத்தைச் சுற்றிய நுரையின் ஓரத்தில் நீலக்கோடு ஒன்று தெரிந்தது. சிறிது நேரத்தில் நுரை முழுவதும் சங்குப்பூ நிறத்துக்கு வந்தது. நான்கு நாள் படியவிட்டு, கழுவிக் காயவைத்து, நகை நிறுக்கும் சிறு தராசில் வைத்தேன்: 0.9 கிராம். தறிவீடு ஐயா சொன்ன கணக்குக்கு அருகில் வந்திருப்பதில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி.

அந்த நீலம் முழுவதையும் ஒரு லிட்டர் பாட்டிலில் சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்து, வெந்நீர் அண்டாவில் நிறுத்தி வைத்தேன். இரண்டாம் நாள் நீர் தேன் நிறத்துக்குத் தெளிந்தது. சோப்பில் வேகவைத்து அலசிய ஒரு சாண் காடாத் துணியை அதில் முக்கி எடுத்தபோது அது கிளிப்பச்சையாக வெளியே வந்து, நான் கையில் பிடித்திருக்கும்போதே ஓரங்களிலிருந்து உள்நோக்கி நீலமானது. காயவைத்து மூன்று முறை சோப்புப் போட்டு அலசியும் போகவில்லை.

அவுரி விதையைத் தம்பி நாட்டு மருந்துக் கடையில் வாங்கி வைத்திருக்கிறான். ஆடியில் அம்மாப்பேட்டை வீட்டின் பின்புறம் விதைக்கப்போகிறோம். அப்பாயியின் புடவையை நன்கு நினைவில் வைத்திருப்பவர் இப்போது என் அம்மா ஒருவர்தான். துணித்துண்டை அவரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, நிறம் அதேதான், ஆனால் இன்னும் மூன்று முழுக்காவது வேண்டும் என்றார்.