பாடசாலைப் பேருந்தும் ரிக்கற்றும்: நடு லேன் நடுத்திட்டு ஆகுமா?

மஞ்சள்வண்டி:
கரவையூரான் அவர்கள் நேற்று இங்கே எழுதியதை வாசித்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. "ஸ்காபறோவில் ஐந்து லேன் சாலை. நடுவில் இடப்பக்கம் திரும்புவதற்கென்றே ஒரு லேன் இருக்கிறது. அதற்கு அப்பால் நிற்கும் பாடசாலைப் பேருந்துக்காக எதிரே வருபவன் ஏன் நிற்க வேண்டும்? எனக்குத் தந்த ரிக்கற் செல்லாது, உங்களுக்கு வந்தாலும் பணம் கட்டாதீர்கள்" என்பது அவருடைய உபதேசம். நான் ஒன்ராறியோவில் பாடசாலைப் பேருந்து ஓட்டுபவள். மேலே சிவப்பு விளக்குகள் மினுங்கினால் பின்னால் வருபவர் குறைந்தது 20 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். எதிரே வருபவரும் பேருந்தை அடையுமுன் நிற்க வேண்டும். எதிரே வருபவருக்கு உள்ள விலக்கு நடுத்திட்டு உள்ள சாலைக்கு மட்டுமே. தரையில் பூசிய மஞ்சள் வர்ணம் நடுத்திட்டு அல்ல.

கரவையூரான்:
வர்ணத்தைப் பற்றி நான் பேசவேயில்லை, அம்மணி. முழு லேனைப் பற்றிப் பேசினேன். அந்த லேனில் நேரே ஓடிக்கொண்டு போக எவருக்கும் உரிமை இல்லை. எவரும் நேரே போக முடியாத ஓர் இடம் இரு திசைகளையும் பிரிக்கிறது என்றால், அது திட்டின் வேலையைத்தானே செய்கிறது? ஊரில் இருந்த காலத்திலிருந்து வாகனம் ஓட்டுகிறேன்; சாலை எது, தடுப்பு எது என்பதை எனக்கு ஒருவர் படிப்பிக்கத் தேவையில்லை.

புத்தூரான்:
இருவரும் சட்டத்தை எடுத்துப் பார்த்துவிட்டுப் பேசினால் இந்த விவாதம் இரண்டு வரியில் முடிந்துவிடும். ஒன்ராறியோ நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 175ஆம் பிரிவிலேயே நடுத்திட்டு என்றால் என்னவென்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தடையாலோ, உயர்த்திய அல்லது தாழ்த்திய பகுதியாலோ இரு திசைப் போக்குவரத்தையும் பிரிப்பதாக அது இருக்க வேண்டும். வாகனங்கள் குறுக்கே கடப்பதற்கென அமைத்ததாக இருக்கக் கூடாது. திரும்பும் லேன் கடப்பதற்காகவே போடப்படுகிறது.

கரவையூரான்:
சட்டப் புத்தகம் என்னிடமும் இருக்கிறது. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரவில்லை: அந்த நடு லேனில் நேரே போகலாமா, கூடாதா?

மொன்றியல்வாசி:
ஒன்ராறியோக்காரருடைய பிரச்சினையே இதுதான். அனுமதிப்பத்திரத்தில் விழும் ஆறு டிமெறிற் (குற்றப்) புள்ளிகளுக்கே இவ்வளவு அழுகை. கியூபெக்கில் இதே குற்றத்துக்கு ஒன்பது புள்ளிகள், தண்டம் 200 டொலரிலிருந்து தொடங்கும். இங்கே தமிழர்கள் ஒழுங்காக நிற்கிறார்கள்.

கரவையூரான்:
உங்கள் 200 டொலரை வைத்துக்கொள்ளுங்கள். இங்கே முதல் தடவைக்கே 400 இலிருந்து 2,000 வரை போகும். மேலும், பேருந்திலிருந்து 5 மீற்றருக்கு மேல் தள்ளி நின்றாலே போதும் என்று சொல்லும் மாகாணத்தவர், 20 மீற்றர் தள்ளி நிற்பவர்களுக்கு ஒழுங்கு கற்பிக்க வர வேண்டாம்.

மொன்றியல்வாசி:
குளிர்காலத்துக்கென்று தனி ரயர் தேவையில்லை என்று போன வருடம் இதே இடத்தில் அடம்பிடித்தவர் இவர்தான் என்பதை எல்லோருக்கும் நினைவூட்டுகிறேன். இங்கே டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அது கட்டாயம்.

கரவையூரான்:
ரயரையும் பேருந்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதிலிருந்தே உங்கள் பக்கம் நியாயம் இல்லை என்பது தெரிகிறது.

வன்னியாள்:
பெரியவர்கள் சண்டை பிடிப்பது இருக்கட்டும். இவருடைய பேச்சைக் கேட்டு G2 என்ற புதிய ஓட்டுநர் அனுமதிப்பத்திரம் வைத்திருக்கும் ஒரு பிள்ளை நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று யாராவது நினைத்தீர்களா? நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட புள்ளிகள் விழும் குற்றம் நிரூபணமானால், முதல் தடவையிலேயே 30 நாட்களுக்கு அனுமதிப்பத்திரத்தை இடைநிறுத்துவார்கள். காப்புறுதிக் கட்டணம் வேறு ஏறும். இவர் வந்து கட்டுவாரா?

எரிமலை:
நான் நியூயோர்க்கில் இருக்கிறேன். எங்கள் மாநிலத்தில் நடுத்திட்டு இருந்தாலும் எதிரே வருபவர் நிற்கத்தான் வேண்டும். நீங்கள் விலக்கும் வைத்துக்கொண்டு அதற்குள்ளும் சண்டை பிடிப்பதைப் பார்க்க வேடிக்கையாக இருக்கிறது.

கரவையூரான்:
நியூயோர்க்கைக் காட்டினால் நான் வாஷிங்டன் மாநிலத்தைக் காட்டுவேன். அங்கே மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட லேன்கள் உள்ள சாலையில் எதிரே வருபவர் நிற்க வேண்டியதில்லை. ஒஹாயோவில் நான்கு லேன்கள் இருந்தால் அதே கதைதான். அந்த மாநிலத்தவர்களுக்குப் பிள்ளைகள் மேல் அன்பில்லையா? ஐந்து லேன்களைக் கடந்து ஒரு குழந்தை ஓடிவரும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை என்பதே காரணம். எனக்கும் பேருந்துக்கும் இடையில் ஒரு முழு லேன் வெறுமையாகக் கிடந்தது.

மஞ்சள்வண்டி:
யாரும் எதிர்பார்க்காதபோதுதான் குழந்தை ஓடுகிறது, ஐயா. வீதிக்கு அப்பால் தாத்தாவைக் கண்டால் ஐந்து வயதுப் பிள்ளை லேன்களை எண்ணிக்கொண்டு நிற்காது. 2022 ஜூலை 1 முதல் எங்கள் பேருந்துகளில் சிவப்புக்கு முன்பு மஞ்சள் விளக்கு மினுங்க வேண்டும் என்று வந்ததே, அது உங்களைப் போன்றவர்கள் முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கட்டும் என்பதற்காகத்தான். அந்த மஞ்சளைக் கண்டதும் முந்திக்கொண்டு போய்விட வேண்டும் என்று மிதிப்பவர்களையும் அன்றாடம் பார்க்கிறேன். வண்டியின் இலக்கத்தகட்டைக் குறித்துப் பொலிஸுக்குக் கொடுக்க எங்களால் முடியும். யார் ஓட்டினார் என்று தெரியாவிட்டாலும் உரிமையாளர் மேல் வழக்குப் போடலாம். அப்போது புள்ளிகள் விழாது, தண்டம் மட்டும் வரும்.

கரவையூரான்:
இப்போதுதான் விளங்குகிறது. என்னுடைய ரிக்கற்றும் உரிமையாளர் என்ற பெயரில்தான் வந்தது. அம்மணி, என் தகட்டை எழுதிக் கொடுத்தது நீங்கள்தானா?

மஞ்சள்வண்டி:
உங்கள் பெயரும் தெரியாது, தகடும் தெரியாது. ஆனால் நீங்கள் இப்படிக் கேட்ட பிறகு, நானாக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றுகிறது.

புத்தூரான்:
தனிப்பட்ட தாக்குதலை விட்டுவிட்டு நான் மேலே எடுத்துக்காட்டிய சட்டப் பிரிவை ஒருவராவது வாசித்தீர்களா?

வன்னியாள்:
வாசித்தோம், தம்பி. வாசிக்க வேண்டியவர் தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்கிறார்.

கரவையூரான்:
முயலை விட்டுவிட்டு லேனுக்கு வாருங்கள். இவ்வளவு பேர் இவ்வளவு எழுதியும், அதில் நேரே போகலாமா கூடாதா என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை. நீதிமன்றத்தில் நான் இதையே கேட்பேன். வார இறுதியில் அந்த இடத்துக்குப் போய், நடு லேனின் அகலத்தை நாடா பிடித்து அளந்து, படத்துடன் இங்கே போடுகிறேன். அதன் பிறகு யார் பேசுகிறார்கள் என்று பார்ப்போம்.

மஞ்சள்வண்டி:
தாராளமாக அளந்து பாருங்கள். ஆனால் நாடாவைப் பிடித்துக்கொண்டு அந்த லேனுக்குள் நிற்க வேண்டாம். இரண்டு பக்கத்திலிருந்தும் வாகனங்கள் அதற்குள் வந்து குறுக்கே திரும்பும்.

கரவையூரான்:
திரும்பும், நேரே போகாது. அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.