பல்கலைக்கழக ஆசிரியர்களை ஆய்வுக்குத் தூண்டுவது எது?

கேள்வி: சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகங்களில் பேராசிரியர்கள் ஆய்வில் முனைப்புக் காட்டுவதற்கு நிரந்தரப் பணியும் பதவி உயர்வும்தான் காரணமா, அறிவார்வமா?

பதில் 1: வணக்கம் ஐயா. நிரந்தரப் பணி பெரிய உந்துதல் என்பதை மறுப்பதற்கில்லை; ஆனால் அது கிடைத்த பின்னும் பலர் விடாமல் எழுதுவதை வெகுமதியால் மட்டும் விளக்க இயலாது. உளவியலாளர்கள் எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரயனும் வகுத்த கோட்பாடு, தன்னுரிமை, திறனுணர்வு, பிறருடனான பிணைப்பு ஆகிய மூன்றும் நிறைவேறும் சூழலில்தான் உள்ளார்ந்த ஊக்கம் வளரும் என்கிறது. என் அனுபவத்தில், தலைப்பைத் தாமே தேர்ந்தெடுக்கும் உரிமையே முதன்மையானது.

பதில் 2: நிதியும் முக்கியம். 2021–2025 ஆய்வுத் திட்டத்துக்கு அரசாங்கம் ஏறத்தாழ 25 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி (டாலர்) ஒதுக்கியது. எனினும், கற்பித்தல் சுமை மிகுந்த துறைகளில் நேரமில்லாவிட்டால் மானியம் பயன்படாது.

கேட்டவர்: மிக்க நன்றி. எங்கள் துறைக்கூட்டத்தில் ஊக்கத்தொகைக்கு முன்பாகக் கற்பித்தல் நேரக் குறைப்பையே கோரவிருக்கிறேன்.