மறு: புண் ஆறும் காலத்து அமினோ அமிலங்களுக்கு என்ன பெயர்?

கலைச்சொல் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சென்னை மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவுக்கான உணவுக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. புரதத்தின் கட்டுக்கூறுகளான அமினோ அமிலங்களுள் ஆர்ஜினினையும் குளுட்டமினையும் எந்த வகைப்பெயரில் எழுதுவது என்று உணவியல் அம்மையார் கேட்டு ஒன்பது நாளாகிறது.

'சூழல்சார் இன்றியமையா அமினோ அமிலம்' (conditionally essential amino acid) என்பதற்கே குழுவில் ஆதரவு மிகுதி. அதன் இலக்கணத்தில் எனக்குக் குறையில்லை. 'நீரின்று அமையாது உலகு' என்னும் குறள்வழியைக் குழுவிலுள்ள ஐயா காட்டியதும் பொருத்தமே. (அவர் 'புரத'த்தைக் காத்தலைக் குறிக்கும் 'புரத்தல்' வினையோடு இணைத்தது இனிமையானது, ஆனால் அச்சொல் 1838-இல் டச்சு வேதியியலாளர் முல்டர் வழங்கிய 'புரோட்டீன்' என்பதன் ஒலிச்சாயல் என்றே கருதுகிறேன்.)

என் மறுப்பு பொருளைப் பற்றியது. 20 அமினோ அமிலங்களுள் 9-ஐ இன்றியமையாதவை என்பது, உடலால் ஆக்க இயலாமல் உணவிலிருந்தே பெற வேண்டியவை என்பதால்தான்; தசைப் புரத ஆக்கத்தைத் தூண்டும் லியூசின் அவற்றுள் ஒன்று. ஆர்ஜினினை நலமான உடல் தானே ஆக்கிக்கொள்கிறது. பெருங்காயம் பட்டால் செலவு ஆக்கத்தை விஞ்சுகிறது: அது ஆர்னிதின் என்னும் அமினோ அமிலமாகவும் பின்பு புரோலின் என்னும் இன்னொன்றாகவும் மாறிப் புண்ணை மூடும் கொலாஜன் என்னும் புரதத்தில் சேர்கிறது, வேறொரு வழியில் குருதிக்குழாய்களை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடைத் தருகிறது. நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு எரிபொருளாகும் குளுட்டமினைப் பெருமளவில் வெளியிடுவது தசைதான். அதனால் தசைப் புரதம் கரைகிறது. இங்கு நிகழ்வது பற்றாக்குறை. ஆகவே 'பற்றாக்கால அமினோ அமிலம்' என்பதே என் முன்மொழிவு.

'பற்றா' என்பது 'பிடிக்காத' என்றும் பொருள்படும், 'போதாக்கால' என்பதே தெளிவு என்கிறார் ஐயா. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்குக் காத்திருந்த இந்த ஊருக்குப் 'பற்றாக்குறை'யை யாரும் விளக்க வேண்டியதில்லை.

'இன்றியமையா' என்று அச்சிட்டால், நோயாளியின் வீட்டார் கடன் வாங்கியேனும் அமினோ அமிலப் பொடி டப்பா வாங்குவார்கள் என்பதே என் பெரிய கவலை. ஏறத்தாழ 1,200 தீக்காய நோயாளிகளிடம் நடத்தி 2022-இல் வெளியான ஆய்வில், குளுட்டமினைத் துணையூட்டமாகக் கொடுத்தும் அவர்கள் விரைவாக வீடு திரும்பவில்லை. முட்டையும் பருப்பும் மீனும் போதிய அளவில் உள்ளே போவதுதான் முதல் தேவை.

பெரும்பான்மையின் விருப்பப்படி 'சூழல்சார்' என்றே அச்சாகட்டும். ஆனால் அட்டவணையில் அதன் கீழே, 'உடலே ஆக்குவது. பெருங்காயத்தின்போது போதாமற் போகலாம்' என்னும் ஒரு வரியைச் சேர்க்குமாறு அம்மையாரை வேண்டுகிறேன்.