முதுகு சோப்பு விளம்பரம் மாதிரி வருகிறது, ஓவிய வெளிச்சம் எப்படிக் கொண்டுவருவது?

கேள்வி:
பிரெஞ்சு ஓவியர் ஆங்ர் 1808-ல் வரைந்த, குளிக்க உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முதுகு ஓவியம் பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறதல்லவா, அதை மனதில் வைத்து ஒரு தொழில்முறை மாடலைப் படமெடுத்தேன். இடுப்பிலிருந்து வெள்ளைத் துணி, தலையில் கட்டு. 120 செ.மீ. சாஃப்ட்பாக்ஸ் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி மாட்டிய விளக்கு) ஒன்றுதான், அவருக்கு நேர் இடப்பக்கம், 2 மீட்டர் தள்ளி. 85 எம்எம் லென்ஸ், திறப்பு எஃப் 5.6. சின்ன அறை, வெள்ளைச் சுவர். நிழல் கறுக்கவும் இல்லை, வெளிச்சம் மெல்ல இறங்கவும் இல்லை. தோளில் எண்ணெய்ப் பளபளப்பு, பின்திரை வெளிறிக் கிடக்கிறது. எடிட்டிங்கில் கான்ட்ராஸ்ட் ஏற்றினால் தோல் பிளாஸ்டிக்காகிவிடுகிறது. எதை முதலில் மாற்றுவது?

பதில் 1:
சுவர்தான் காரணம். வெள்ளைச் சுவர் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பி நிழலை நிரப்பிவிடும். வலப்பக்கம், ஃபிரேமில் விழாத அளவுக்கு நெருக்கமாக, பளபளப்பில்லாத கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். தோளை டிஷ்யூவால் ஒற்றி லேசாகப் பவுடர் போட்டால் போதும்.

பதில் 2:
கறுப்புத் துணி வேலை செய்யும், ஆனால் அப்போது வருவது ஆங்ர் இல்லை, டச்சு ஓவியர் ரெம்பிராண்ட். அவர் 1654-ல் வரைந்த, குளிக்கும் பத்சேபா ஓவியத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அதுவும் லூவரில்தான் இருக்கிறது. அங்கே உடல் இருட்டிலிருந்து வெளியே வருகிறது. ஆங்ரின் முதுகிலோ கருநிழலே கிடையாது, கழுத்திலிருந்து இடுப்புவரை ஓடும் கோடுதான் உருவத்தைச் சொல்கிறது. நீங்கள் அவருடைய அமர்வை எடுத்துக்கொண்டு வேறொருவருடைய வெளிச்சத்தைப் போட்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். விளக்கைப் பக்கவாட்டிலிருந்து கேமரா பக்கம் நகர்த்தி, 45 டிகிரி வாக்கில், தலைக்கு மேலே உயர்த்துங்கள். அதன் நடுப்பகுதி அவர்மேல் விழாமல் ஓரம் மட்டும் தடவிப் போகும்படி சற்றுத் திருப்புங்கள். வலப்பக்கம் வெள்ளை அட்டை இருக்கட்டும்.

கேள்வி கேட்டவர்:
இன்று இரண்டையும் எடுத்துப் பார்த்தேன். கறுப்புத் துணியோடு எடுத்தது அழகுதான், ஆனால் நான் தேடியது இரண்டாவது. முதுகெலும்புப் பள்ளம் இப்போது கோடாக இல்லாமல் சாயலாகத் தெரிகிறது, பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது! திரை மட்டும் இன்னும் வெளுப்பு.

பதில் 2:
விளக்கை 1 மீட்டருக்குக் கொண்டுவந்து, ஃபிளாஷ் அளவைக் குறையுங்கள். விளக்கிலிருந்து உடலுக்கு 1 மீட்டர், திரைக்கு 2 மீட்டர் என்றால் திரையில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு வெளிச்சம்தான் விழும், அதாவது 2 ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). இடம் கிடைத்துத் திரையை 4 மீட்டருக்குத் தள்ளினால் பதினாறில் ஒரு பங்கு. அவ்வளவு இருட்டு இந்தப் படத்துக்கு வேண்டாம், இதன் பின்னணி சாம்பல்தானே. துணியும் சாட்டினாக இருந்தால் மாற்றுங்கள், பழைய பருத்தித் துணியின் மடிப்புதான் ஓவியம் மாதிரி விழும்.

அப்புறம், மாடலை அரை மணிக்கு ஒருமுறையாவது எழுந்து நடக்கவிடுங்கள். அவருக்கு அது தேவை, அதோடு தோள் இறுகிப்போனால் அந்தத் தளர்ந்த கோட்டை எந்த விளக்காலும் கொண்டுவர முடியாது.