பொதுக்கொள்கை ஆய்வு படிக்கப் பிரித்தானியா வந்திருக்கும் திருகோணமலைப் பிள்ளைகளுக்கு

தம்பி, ஊரைப் பற்றி ஆய்வேடு எழுதினால் புள்ளி குறையுமா என்று கேட்டிருந்தீர்கள். குறையாது. தலைப்பு பெருத்தால்தான் குறையும். ‘திருகோணமலை மாவட்டத்தில் வறுமை’ என்று எழுதிக்கொண்டு போனால் மேற்பார்வையாளர் மரியாதையாகச் சிரித்துவிட்டு, “இதில் உங்கள் கேள்வி எது?” என்பார். நம்மவர் பலருக்கு அந்த இடத்திலேயே முகம் வாடிவிடுகிறது. வாடத் தேவையில்லை, எல்லாரையும் அப்படித்தான் கேட்கிறார்கள்.

பிரயோக ஆய்வில் நல்ல கேள்வியை அடையாளம் காண ஒரு வழி உண்டு. அதற்கு விடை கிடைத்தால் எந்த அதிகாரி எந்த முடிவை மாற்றுவார் என்று உங்களால் சொல்ல முடிய வேண்டும். அஸ்வெசுமவை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஜூலையில் தொடங்கி, சமுர்த்தி உதவித்தொகையின் இடத்துக்கு வந்த அரசின் நலன்புரித் திட்டம். கல்வி, சுகாதாரம், சொத்து, வீடு என்று 22 குறிகாட்டிகளை வைத்து யார் வறியவர் என்று தீர்மானிக்கிறார்கள். இனிக் குச்சவெளியில் ஒரு கரைவலைக் குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் வாரக்கணக்கில் வருமானம் இல்லை. கச்சான் காலத்தில் கையில் காசு புழங்கும். கணக்கெடுப்பவர் எந்த மாதத்தில் படலையைத் திறந்தார் என்பதைப் பொறுத்து முடிவு மாறுகிறதா? முற்றத்தில் நிற்கும் பழைய மோட்டார் சைக்கிள் சொத்தா, அல்லது மீன் பெட்டி கட்டிக்கொண்டு போகும் தொழில் கருவியா? இவை ஆய்வுக் கேள்விகள். தகுதியுள்ளவர் விடுபடுவதையும் தகுதியில்லாதவர் உள்ளே வருவதையும் தனித்தனியே அளப்பது இந்தத் துறையின் அன்றாட வேலை. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய, வறிய குடும்பங்களுக்கு நிபந்தனையுடன் உதவித்தொகை கொடுத்த புரோகிரேசா திட்டம் உங்கள் வகுப்பில் பெரும்பாலும் வரும். அதை வாசிக்கும்போது குச்சவெளியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பாடம் தானாக ஏறும்.

கிண்ணியாத் தம்பி குறிஞ்சாக்கேணியை எழுத விரும்புவதாகச் சொன்னார். 2021 நவம்பர் 23ஆம் திகதி, பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்த காலத்தில், இழுவைப் படகு கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் இறந்தார்கள். அதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வரும், வரத்தான் வேண்டும். ஆனால் ஆய்வேட்டில் ஆத்திரத்துக்கு முன்னுரையோடு வேலை முடிந்துவிடும். ஒரு பாதையை வேலைக்காக மூடும்போது மாற்றுப் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் பொறுப்பு யாருடையது, படகுக்கு அனுமதி கொடுப்பவர் யார், சோதிப்பவர் யார், ஒருவர் வேலை எங்கே முடிந்து மற்றவர் வேலை எங்கே தொடங்குகிறது என்று கோடு கோடாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். பிள்ளையை இழந்த பெற்றோரைப் பேட்டி காணப் பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு இலேசில் சம்மதிக்காது. சம்மதிக்காததே நல்லது என்பது என் எண்ணம். இந்தக் கேள்விக்கு வேண்டிய விடை அதிகாரிகளிடமும் கோப்புகளிலும் இருக்கிறது.

ஒழுக்கநெறி என்றதும் சம்மதப் படிவம் நினைவுக்கு வருகிறது. பல்கலைக்கழகம் தரும் மாதிரிப் படிவத்தில் கீழே கையொப்பக் கோடு இருக்கும். அதை அப்படியே சம்பூருக்குக் கொண்டுபோகாதீர்கள். 2006இல் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகே காணிக்குத் திரும்பத் தொடங்கிய மக்கள் அவர்கள். எத்தனையோ பேர் நீட்டிய எத்தனையோ தாள்களில் கையெழுத்து வைத்தவர்கள். முன்பின் தெரியாத ஒருவர் பேனாவை நீட்டினால், பேசிக்கொண்டிருந்த அம்மாவும் பேச்சை நிறுத்திவிடுவார். வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவு செய்வதற்கு அனுமதி கேளுங்கள். ஏன் என்று இரண்டு வரியில் விளக்கினால் குழுக்கள் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். தகவல் தாளைத் தமிழில் நீங்களே எழுதி, வீட்டில் அம்மாவிடமோ பெரியம்மாவிடமோ தொலைபேசியில் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு விளங்காத வசனத்தை வெட்டிவிடுங்கள்.

தரவுக்கு ஊரில் ஆளைப் பிடித்து, “அண்ணன், அந்தக் கோப்பைக் கொஞ்சம் படமெடுத்து அனுப்புங்கள்” என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அவர் வேலைக்கும் ஆபத்து, உங்கள் ஆய்வேட்டுக்கும் ஆபத்து. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இலங்கைக் குடிமக்களுக்கு உரியது, நீங்களும் குடிமகன்தான். தமிழிலேயே விண்ணப்பிக்கலாம். தகவல் அலுவலர் 14 வேலைநாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும், அதன்பிறகு மேன்முறையீடு இருக்கிறது. முழு ஏற்பாடும் இழுபடக்கூடியது என்பதால் கோடையில் ஆய்வேடு எழுதுகிறவர் முந்தின குளிர்காலத்திலேயே அனுப்பிவிட வேண்டும்.

மென்பொருளுக்குக் காசு செலவழிக்க வேண்டாம், ‘R’ என்ற புள்ளிவிவர மென்பொருள் இலவசம். பெரிய சிக்கல் எழுத்தில்தான் வரும். நாம் உயர்தரப் பரீட்சையில் முன்னுரையை நீட்டி, முடிவைக் கடைசியில் சொல்லிப் பழகியவர்கள். அதிகாரிகளுக்கு எழுதும் கொள்கைச் சுருக்கம் என்றால் இரண்டு பக்கம், பரிந்துரை முதல் பந்தியில். வாசிக்கும் அதிகாரிக்கு அடுத்த கூட்டத்துக்கு நேரமாகிக்கொண்டிருக்கிறது.

படிப்புக்கு வெளியே சில. தவணைக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம்தான் வேலை. முதுமாணி மாணவர்களுக்கு ஆய்வேடு எழுதும் கோடைக்காலம் விடுமுறையாகக் கணக்கில் வராது, அப்போதும் அதே 20தான். இதைத் தெரியாமல் கோடையில் முழுநேர வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். உணவு கொண்டுபோய்க் கொடுக்கும் செயலி வேலை சுயதொழில் என்பதால் மாணவர் விசாவில் செய்யவே கூடாது, நண்பனின் கணக்கில் ஓடுவது இன்னும் மோசம். முழுநேர மாணவர் மட்டும் இருக்கும் வீட்டுக்கு உள்ளூராட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரி இல்லை. பொதுநலவாய நாட்டுக் குடிமக்கள் என்ற வகையில் இங்கே வாக்காளராகப் பதிந்துகொள்ளவும் முடியும். கொள்கை படிக்கிறவர் அதைச் செய்யாமல் இருந்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும்.

கணவரையும் பிள்ளையையும் கூட்டிவரலாமா என்று கேட்ட தங்கைக்கு: 2024 ஜனவரியிலிருந்து ஆய்வையே முதன்மையாகக் கொண்ட உயர்பட்டங்களுக்கும், அரசு புலமைப்பரிசிலில் வரும் சிலருக்கும்தான் அந்த அனுமதி. பாடநெறியின் பெயரில் ஆய்வு என்று இருப்பது போதாது; வகுப்புகள் மூலம் நடக்கும் முதுமாணி அதற்குள் அடங்காது. பணம் கட்டுவதற்கு முன் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் பிரிவிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செவனிங் என்ற பிரித்தானிய அரசுப் புலமைப்பரிசில் கிடைத்து வருகிறவர்கள் படிப்பு முடிந்து இரண்டு ஆண்டுகள் ஊரில் இருக்க வேண்டும். ஆகவே இங்கே வேலை பார்த்து அடைக்கலாம் என்று நம்பி ஊரில் நகையை அடகு வைத்துவிட்டு வராதீர்கள்.