லிஸ்ப் நிரல் எழுதும்போது லிஸ்டில் பாதியை மட்டும் எடுக்கப் போய் மாட்டிக்கொண்ட கதைகள்

மஞ்சக்குப்பம்_மனை:
நெல்லிக்குப்பம் ரோட்டுப் பக்கம் ஒரு லேஅவுட். மனை மூலைகளில் ஆயத்தொலைவு எழுத ஆட்டோலிஸ்ப்பில் (ஆட்டோகேட் வரைபட மென்பொருளுக்குள் ஓடும் லிஸ்ப் மொழி) நாலு வரி தட்டினேன். பாலிலைனின் (மனையின் எல்லைக்கோடு) லிஸ்டில் 90 என்ற எண்ணோடு எத்தனை மூலை என்று இருக்கும், 10 என்ற எண்ணோடு ஒவ்வொரு மூலையின் ஆயத்தொலைவும் இருக்கும். எத்தனை மூலையோ அத்தனை தடவை சுற்றவிட்டு, எண்ணைக் கொடுத்தால் அந்த உறுப்பைத் தேடித் தரும் அசோக் போட்டு 10-ஐ எடுத்தேன். (எங்கள் ஆபீஸில் அதை ஆள் பெயர் மாதிரியே சொல்வோம்.) வேகமாக ஓடியது, பிழை ஒன்றும் காட்டவில்லை. ஏ1 தாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் சர்வேயர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்கிறார்: "மீதி அஞ்சு மூலை எங்க தம்பி?" ஆறு எழுத்தும் ஒரே மூலையில், ஒன்றன்மேல் ஒன்றாக அச்சாகப் படுத்திருந்தன. பார்வைக்கு ஒன்றுதான். அசோக் முதலில் கண்ட 10-ஐத் தந்துவிட்டு அங்கேயே நின்றுவிடும், எத்தனை தடவை கேட்டாலும் அதேதான். இன்றைக்கும் அந்தத் தாள் கண்ணில் நிற்கிறது.

லாஸ்பேட்டை77:
அசோக் மேல் என்ன தப்பு? அதன் வேலையே அதுதான். அசோக் தந்ததை வைத்து மெம்பர் போட்டிருக்க வேண்டும். அது கண்ட இடத்திலிருந்து கடைசிவரை மொத்த வாலையும் தரும். தலையை (முதல் உறுப்பை) எடுத்துக்கொண்டு, மிச்சத்தை, அதாவது தலை போக உள்ளதைத் தரும் குடர் போட்டு அடுத்த சுற்றுக்கு விட வேண்டியதுதான். என் கதை சின்னது: அப்படித்தான் செய்தேன். ஆனால் லிஸ்டில் உறுப்பைச் சேர்க்கும் கான்ஸ் முன்னால்தானே சேர்க்கும், லிஸ்டைத் திருப்பும் ரிவர்ஸ் போட மறந்துவிட்டேன். 1-ம் மூலை கடைசி மூலையாகிவிட்டது.

தேங்காய்த்திட்டு_படகு:
நான் வரைபட ஆள் இல்லை. ஹார்பர் மீன் விலையை லிஸ்டில் போட்டு மூன்று நாள் சராசரி பார்ப்பேன். முதலில் நியூலிஸ்ப் என்ற இன்னொரு லிஸ்ப்பில் இருந்தது: ஸ்லைஸ், 2, 3. அதாவது (0-லிருந்து எண்ணி) 2-ம் இடத்திலிருந்து 3 விலை. அப்புறம் எல்லாவற்றையும் ஈமாக்ஸ் எடிட்டரின் லிஸ்ப்புக்குக் கொண்டுபோனேன். துண்டை எடுக்கச் செக்-சப்செக், அதே 2, 3. அங்கே 3 என்பது எண்ணிக்கை இல்லை, நிற்கும் இடம், அதுவும் அந்த இடம் சேராது. வந்தது ஒரே ஒரு விலை, நான் 3-ஆல் வகுத்தேன். 900 ரூபாய் வஞ்சிரம் 300 ஆகிவிட்டது. படகுக்கார அண்ணன் போனில், "அந்த விலைக்கு எங்கப்பா கிடைக்குது, நானே வாங்கிக்கிறேன்" என்றார்.

செம்மண்டலம்_லிஸ்ப்:
புள்ளியின் லிஸ்டில் (எக்ஸ், ஒய், இசட்) ஒய் வேண்டும் என்று குடர் போட்டேன். ஒய், இசட் இரண்டும் லிஸ்டாகவே வந்தது, எண்ணை எழுத்தாக்கும் ஆர்டாஸ் ஏற்கவில்லை. இரண்டாவது உறுப்பைத் தரும் காடர் போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.
ஆனால் எல்லோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இத்தனையாவது உறுப்பு என்று கேட்டு எடுக்கும் என்த் 0-லிருந்து எண்ணும். லிஸ்டைத் தாண்டிக் கேட்டால் ஆட்டோலிஸ்ப் சண்டை போடாது, சத்தமில்லாமல் நில் (ஒன்றுமில்லை) தரும். அதனால் முதலில் லெங்த் போட்டு எத்தனை உறுப்பு என்று பாருங்கள். லாஸ்ட்டை நம்பாதீர்கள்: ஆட்டோலிஸ்ப்பில் கடைசி உறுப்பு வரும், ஈமாக்ஸில் அது லிஸ்டுக்குள் வைத்து வரும். கார் (முதல் உறுப்பை எடுப்பது), குடர் என்ற பெயர்களும் ஐபிஎம் 704 என்ற பழைய கணினி காலத்துச் சங்கதி, பெயரை வைத்து அர்த்தம் தேடாதீர்கள். தமிழில் குடர் என்றால் குடல், தலையை வெட்டினால் மிஞ்சுவது, அப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். லாஸ்பேட்டை சொன்ன சுற்று சரிதான், ஆனால் புதுசாகப் படிப்பவருக்குத் தலை சுற்றும். லிஸ்டை ஒவ்வொரு உறுப்பாகச் சுற்றும் ஃபோர்ஈச் விட்டு, கார் 10-ஆக இருப்பதை மட்டும் பொறுக்குவது மேல்.

லாஸ்பேட்டை77:
யாருக்குத் தலை சுற்றும்? மூன்றே வரி.

மஞ்சக்குப்பம்_மனை:
சரி, இரண்டையும் போட்டுப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் மீதி அஞ்சையும் பேனாவால்தான் எழுதிக் கொடுத்தேன்.